மச்சுக்கு மேல் ஓட்டம்: மீயொலி எலி விரட்டியை வாங்கி வைத்துப் பார்த்ததில்

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய காப்பித் தோட்டத்துக்குள் எங்கள் வீடு இருக்கிறது. தாத்தா கட்டிய வீடு. மேலே தகரக் கூரை, அதற்கு இரண்டடி கீழே பலகை அடித்த மச்சு, மச்சுக்குக் கீழே எங்கள் படுக்கை. குளிருக்கும் மழை இரைச்சலுக்கும் இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டடி இடைவெளி, எலிகளுக்கு யாரோ மெனக்கெட்டுக் கட்டிக்கொடுத்த சத்திரம் என்பதை மட்டும் அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கார்த்திகை பிறந்து வடகிழக்குப் பருவமழை வலுத்தபோது, பறித்துக் காயவைத்த காப்பி மூட்டைகளை வழக்கம்போல முன்கூடத்தில் அடுக்கினோம். வெளியே ஈரமும் குளிரும், உள்ளே தீனியும் கதகதப்பும் என்று ஆனபின் எலிகள் வராமல் இருந்தால்தான் வியப்பு. இரவு ஒரு மணிக்கு மேல் ஓட்டம் தொடங்கும். பலகை மெல்லியது என்பதால் ஓர் எலி ஓடினாலும் உடுக்கை அடித்தது போலக் கேட்கும். ஓட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கொறிப்பதைப் பொறுக்க முடியாது. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அதற்குப் பிழைப்பு. அந்தத் தேய்ப்பு வேலை சரியாக என் தலைமாட்டுக்கு மேலுள்ள சட்டத்தில் நடந்தது. சத்தம் நின்ற பிறகும் தூக்கம் வருவதில்லை. அடுத்த கொறிப்பு எப்போது என்று காது காத்துக் கிடக்கும்.

அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒருமுறை விழிப்புத் தட்டினால் விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பவர். அவருக்காகத்தான் இணையத்தில் அந்தக் கருவியை வாங்கினேன். சுவரிலுள்ள மின்செருகியில் நேரடியாகச் செருகக்கூடிய, உள்ளங்கை அளவுள்ள வெள்ளைப் பெட்டி. இரண்டு சேர்ந்து 649 ரூபாய். மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பி எலி, கரப்பான், பல்லி, கொசு, எறும்பு அனைத்தையும் விரட்டும் என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். ஒரே சத்தத்துக்கு எலியும் எறும்பும் சேர்ந்து ஓடும் என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தூக்கம் கெட்ட மனிதனுக்குச் சந்தேகப்படும் அறிவு குறைவாகவே வேலை செய்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: முதல் மூன்று இரவுகள் வீடு அமைதியாக இருந்தது. அம்மா முழுத் தூக்கம் தூங்கினார். நான் அதே நாளில் அந்த விற்பனைத் தளத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து இரண்டு வரி பாராட்டும் எழுதிவிட்டேன். இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு வரிக்கான பிராயச்சித்தம். நான்காம் இரவு ஓட்டம் திரும்ப வந்தது. ஏழாம் இரவில் பழைய அளவை எட்டிவிட்டது. எலிகள் புதிய பொருளையும் புதிய ஒலியையும் கண்டால் சில நாள் ஒதுங்கி நின்று நோட்டமிடும் இயல்புடையவை. ஆபத்தில்லை என்று தெரிந்துவிட்டால் அதைச் சுவர்க்கடிகாரம் போலப் பாவித்துத் தம் வேலையைப் பார்க்கும். எனக்குக் கிடைத்த மூன்று இரவுகள் அந்த நோட்டத்துக்கான இடைவெளி என்பது என் ஊகம்.

இதற்கிடையில் எதிர்பாராத புகார் ஒன்று வந்தது. பன்னிரண்டு வயது மகள் மூன்றாம் நாள் காலையில், "அப்பா, அந்த டப்பா ராத்திரி பூரா கீச்சுன்னு கத்துது, தலை வலிக்குது" என்றாள். நான் காதைப் பெட்டியில் ஒட்டவைத்துக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவிக்கும் கேட்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து பெட்டியைப் போட்டும் அணைத்தும் பார்த்தோம். பத்து முறையும் மகள் சரியாகச் சொன்னாள். இதில் மாயம் எதுவும் இல்லை. மனிதச் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் என்று சொல்லப்படுவது இளங்காதுகளுக்குத்தான்; வயது ஏற ஏற முதலில் மங்குவது இந்தக் கீச்சொலிகளைக் கேட்கும் திறனே. மலிவான கருவிகள் அந்த எல்லையைத் துல்லியமாகக் கடைப்பிடிப்பதில்லை, சற்றுக் கீழேயும் இறங்கி வருகின்றன. ஆக, அம்மாவின் தூக்கத்துக்காக வாங்கிய பொருள் பேத்தியின் தூக்கத்தைக் கெடுத்தது. போதாக்குறைக்கு, அதன் முகப்பில் எரியும் நீல விளக்கு அறை முழுவதையும் மீன்தொட்டி போல ஆக்கியது. அதன்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினேன். காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும் இரவுகளில் கருவியும் சேர்ந்து ஓய்வெடுத்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் மழைக்காலத்து இரவுகளில் பாதி அப்படிப்பட்டவை.

அது ஏன் வேலை செய்யவில்லை என்பதைப் பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, மேல்நிலைப் பள்ளி இயற்பியலே போதுமானதாக இருந்தது. எலிக்கு 70,000, 80,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதும், எலிகள் தமக்குள் இத்தகைய ஒலிகளில் பேசிக்கொள்கின்றன என்பதும் உண்மை. விற்பவர்கள் அந்த உண்மையின் தோளில் ஏறித்தான் விற்கிறார்கள். ஆனால் 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய அலை பலகையையோ சுவரையோ ஊடுருவிப் போகாது, மோதித் திரும்பும். மெத்தை, கம்பளி, திரைச்சீலை எது எதிர்ப்பட்டாலும் அதில் அமுங்கிவிடும். தூரம் போகப் போகக் காற்றே அதை விழுங்கும். சத்தம் எங்கள் அறைக்குள், எலி மச்சுக்கு மேலே. நடுவில் தாத்தா அடித்த பலகை. அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் கூட்டாட்சி வணிக ஆணையம், இத்தகைய கருவிகளைத் தயாரிப்போரும் விற்போருமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அறிவியல் ஆதாரமின்றி இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று 2001-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அவ்வளவு பழைய செய்தி எனக்கு 649 ரூபாய் கொடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

கருவியின் மீது இறுதி நம்பிக்கையாக, நீட்டிப்பு வயர் இழுத்து அதை மச்சுக்கு மேலேயே கொண்டுபோய் வைத்தேன். எலியும் ஒலியும் ஒரே கூரையின் கீழ் சந்தித்தால் முடிவு தெரிந்துவிடும் அல்லவா? தெரிந்தது. மேலே வைத்த பத்தாம் நாள் வயரின் மேலுறை இரண்டு இடங்களில் கடிபட்டு உள்ளே செம்பு பளபளத்தது. காய்ந்த பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் மின்கசிவு ஏற்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அன்றே கழற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டேன். யாராவது இந்த யோசனையை உங்களுக்குச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடுத்ததாக, சமவெளியிலிருந்து பூச்சி, எலி ஒழிப்புச் சேவை நிறுவனம் ஒன்றை அழைத்தேன். பெயர் வேண்டாம். 3,500 ரூபாய்க்கு இருவர் வந்தார்கள், மரியாதையாக நடந்துகொண்டார்கள், மச்சின் நான்கு மூலையிலும் நீல நிற மருந்துக் கட்டிகளை வைத்துவிட்டு அரைமணி நேரத்தில் கிளம்பினார்கள். அது புரோமாடியோலோன் என்ற மருந்து. இரத்தம் உறைவதைத் தடுத்து உள்ளுக்குள் கசிய வைத்துக் கொல்வது, அதற்கும் சில நாட்கள் பிடிக்கும். சாகும் எலி எங்கே போய்ச் சாக வேண்டும் என்று முடிவு செய்வது எலிதான் என்பதை அவர்கள் முன்பே சொல்லியிருக்கலாம். சரியாக ஆறாம் நாள் அம்மாவின் கட்டிலுக்கு மேலே நாற்றம் கிளம்பி, பலகையைப் பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் வந்து உட்காரும் வெண்கூகை, எங்களைவிட நன்றாக எலி பிடிக்கத் தெரிந்தது. மருந்து தின்று தள்ளாடும் எலியை அது தின்றால் நஞ்சு அதற்கும் போகும். மீதிக் கட்டிகளைக் கையுறை போட்டு எடுத்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். பணம் திரும்பவில்லை.

உருப்படியாக வேலை செய்த பொருள் வத்தலக்குண்டு சந்தையில் 280 ரூபாய்க்குக் கிடைத்தது: கம்பியால் செய்த சாதாரண எலிக்கூண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கூண்டை வாங்கிவிட்டு "ஒரு எலியும் மாட்டவில்லை" என்று மூலையில் எறிபவர்கள் அதைப் பயன்படுத்தும் முறையில்தான் தவறுகிறார்கள். முதல் இரவே பொறியை ஏற்றி வைக்கக்கூடாது. கூண்டின் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்துவிட்டு, உள்ளே தீனி மட்டும் போட வேண்டும். முதல் நாள் எலி கிட்டேயே வராது. இரண்டாம் நாள் வாசலில் கிடப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள், நான்காம் நாள் உள்ளே போய்ச் சாவகாசமாகத் தின்னும். அப்போது கட்டை அவிழ்த்துப் பொறியை ஏற்றினால், ஒரே இரவில் மாட்டும். புதுப்பொருளைக் கண்டு ஒதுங்கும் அதே இயல்பு, மீயொலிக் கருவிக்கு மூன்று நாள் பொய்ப் புகழ் வாங்கிக் கொடுத்தது. கூண்டு விஷயத்தில் நாம் அதற்குக் காத்திருக்கப் பழகினால் போதும். கூண்டை நடுத்தரையில் வைக்காமல் சுவரை ஒட்டி வைக்க வேண்டும், எலிகள் விளிம்பை உரசிக்கொண்டே நடப்பவை என்பதால்.

தீனி விஷயத்தில் என் வீட்டிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. சுட்ட தேங்காய்ச் சில்தான் என்பது அம்மாவின் கட்சி. மசால் வடை என்பது என் கட்சி. அது பாதியில் என் வயிற்றுக்கும் போய்விடும் என்பதால் தள்ளுபடி செய்யப்பட்டது. கடைசியில் வென்றது நன்றாகக் கனிந்து தோல் கறுத்த மலைவாழைப்பழம். பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அதே விருப்பாச்சிப் பழம்தான். அதன் வாசனை மச்சின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு எட்டும். பழத்துண்டைக் கொக்கியில் வெறுமனே மாட்டினால் வழுக்கி விழும். சணல் நூலால் சுற்றிக் கட்ட வேண்டும், அதை இழுக்கும்போதுதான் கதவு விழும்.

பதினேழு இரவுகளில் பதினோரு எலிகள் மாட்டின. எல்லாம் நீண்ட வாலுடைய, ஏறுவதில் கெட்டிக்காரர்களான கருப்பெலி வகை. கூண்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு "டமார்" என்று கதவு விழும் சத்தத்தில் வீடே எழுந்து உட்காரும். அதன் பிறகு விடியும்வரை உள்ளே இருப்பது கம்பியை உலுக்கிக்கொண்டே இருக்கும். கதவின் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டிய பிறகு "டமார்" மட்டும் "தொப்" ஆனது. பிடித்ததை எங்கே விடுவது என்பது அடுத்த தொல்லை. தோட்டத்து எல்லையில் விட்ட ஓர் எலி இரண்டு நாளில் திரும்பி வந்தது. வால் நுனி அறுந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. அதன்பின் ஸ்கூட்டரில் ஏற்றி ஓடைக்கு அப்பால் ஆளில்லாத சரிவில் கொண்டுபோய் விட்டேன். அங்கே யாருக்காவது அது தொல்லையாகியிருக்குமோ என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீர் வழியாக என்பதால், ஒவ்வொரு முறையும் கையுறை போட்டே கூண்டைத் தொட்டேன், கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் வைத்தேன். வெயில் என்று ஒன்று வந்த நாட்களில்.

பதினோரு எலிகள் போன பிறகும் ஒரு சத்தம் நிற்கவில்லை. இது ஓட்டம் அல்ல, நடை. கனமான நடை. பின்னிரவில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விடிவதற்கு முன் தொப்பென்று விழுந்து படுக்கும். "கூண்டில் கொள்ளாத எலி" என்று மகள் அதற்குப் பெயர் வைத்தாள். பலகையைத் திரும்ப அடிக்க வந்த எங்கள் ஊர்த் தச்சுவேலைப் பெரியவர்தான் புதிரை அவிழ்த்தார். மேலே ஏறியவர் உடனே இறங்கி வந்து, "தம்பி, அடுப்புச் சாம்பல் ஒரு முறம் குடுங்க" என்றார். "எதுக்கண்ணே?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், மச்சு முழுவதும் சலித்துத் தூவிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அதில் பூனைத்தடம் போன்ற தடங்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்கள். பூனையின் தடத்தில் நான்குதான் விழும். மூலையில் கிடந்த எச்சத்தில் முழுசு முழுசாகக் காப்பிக்கொட்டைகள். "மரநாய்" என்றார். அதன் எச்சத்திலிருந்து பொறுக்கி எடுத்த காப்பியை வெளிநாடுகளில் கொள்ளை விலைக்குக் குடிக்கிறார்களாம். எங்கள் தலைக்கு மேலேயே ஆலை நடந்திருக்கிறது, நாங்கள்தான் வியாபாரம் தெரியாதவர்கள்.

மரநாய் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அதோடு, நான் வைத்திருந்த எந்தப் பொருளும் அதற்கானது அல்ல. முன்பு வந்த சேவைக்காரர்கள் மேலே ஏறிப் பார்த்தும் எச்சத்தைக் கவனிக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

பெரியவர் செய்த வேலை எளியது. நெளித்தகடு சுவரின் மேல் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு நெளிவிலும் அரைவட்டமாக ஒரு பொந்து இருக்கும். வீட்டைச் சுற்றி எண்ணினால் நூற்றுக்கு மேல் வரும். எலி நுழைய இரண்டு சென்டிமீட்டர் துளை போதும், சுண்டெலிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். அத்தனையையும் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையைச் சுருட்டித் திணித்து, மேலே சிமெண்டுக் கலவை பூசி அடைத்தார். வலையில்லாமல் வெறும் கலவை பூசினால் எலி அரித்துவிடும் என்பது அவர் அனுபவம். மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் நுழையும் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அடைத்தோம். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த பட்டர்புரூட் மரக்கிளைகளை ஆறடி தூரத்துக்கு வெட்டினோம். எலிக்கும் மரநாய்க்கும் அதுதான் பாலமாக இருந்தது. கிழக்குப் பக்கத்தில் மரநாய் வந்துபோகும் பெரிய இடைவெளியை மட்டும் கடைசிவரை அடைக்கவில்லை. உள்ளே குட்டிகள் இல்லை என்று பார்த்து உறுதிசெய்துகொண்டு, நான்கு இரவுகள் சாம்பலில் தடத்தைக் கவனித்து, அது இரைதேட வெளியே போன நேரத்தில், இரவு ஒன்பது மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அடைத்தோம். இரண்டு நாள் கூலி, வலை, சிமெண்டு எல்லாம் சேர்த்து 4,100 ரூபாய் ஆனது. மாசி வந்துவிட்டது, மச்சுக்கு மேல் இதுவரை சத்தமில்லை. மரநாய் இப்போதும் பட்டர்புரூட் மரத்துக்கு வருகிறது, பாதி கடித்த காய்களைக் கீழே போட்டுவிட்டுப் போகிறது. அது எங்கள் தூக்கத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

மீயொலிக் கருவிக்கு நான் முன்பு கொடுத்த ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாகத் திருத்திவிட்டேன். பூஜ்யம் கொடுக்க அந்தத் தளத்தில் வழியில்லை. திருப்பி அனுப்புவதற்கான பத்து நாள் கெடு, வயர் கடிபடுவதற்கு முன்பே முடிந்திருந்தது. கம்பிக்கூண்டுக்கு ஐந்தில் நான்கு. ஒன்றைக் குறைத்தது அந்த நள்ளிரவுச் சத்தத்துக்காக. வாங்குபவர்கள் கதவின் வில் இறுக்கமாக இருக்கிறதா, அடித்தட்டு தனியாகக் கழற்றிக் கழுவ வருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். கருவிகள் இரண்டையும் மகள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் போட்டுப் பார்த்ததில் பிள்ளைகள் பெரும்பாலோர் காதைப் பொத்திக்கொண்டார்களாம், அறிவியல் ஆசிரியை மட்டும் "இன்னும் சுவிட்சைப் போடவில்லையா?" என்று கேட்டாராம்.